ஃபயர்வாலைப் புதுப்பிப்பதா, ஜீரோ டிரஸ்டுக்கு மாறுவதா? திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டது இது. திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி. ஹெட் ஆபீஸ் ஒன்று, நிட்டிங் யூனிட் ஒன்று, தைத்துப் பேக்கிங் செய்யும் யூனிட் ஒன்று என மூன்று இடங்கள். சிஸ்டத்தில் உட்காருபவர்கள் 85 பேர். டேலியும், ஆர்டர் முதல் ஸ்டாக் வரை கம்பெனி வேலைகளைப் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேரும் ஹெட் ஆபீஸ் சர்வர் ரூமில் இருக்கின்றன, மெயில் மட்டும் கூகுளில். இணையத்துக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவில் காவல் நிற்கும் பெட்டிதான் ஃபயர்வால்; ஐந்து வருடமாக ஓடும் அதன் லைசென்ஸ் இரண்டு மாதத்தில் முடிகிறது. பழைய வெண்டர், "இதைவிடப் பெரிய மாடல் போடுங்கள், மூன்று வருட லைசென்ஸோடு தருகிறேன்" என்கிறார். புதிதாக வந்தவர், "ஃபயர்வால் காலம் முடிந்தது, ஜீரோ டிரஸ்ட் எடுங்கள், பாக்ஸே வேண்டாம்" என்கிறார். முதலாளி ஒரே வரியில் பதில் கேட்கிறார். ஐடி என்று அங்கே இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

முதலாளிக்கான ஒரு வரி: ஃபயர்வால் இருக்கட்டும், பெரிய மாடல் வேண்டாம், வெளியிலிருந்து ஆட்களை உள்ளே விடும் வேலையை மட்டும் அதனிடமிருந்து எடுத்து, ஆள் பார்த்து அனுமதிக்கும் ஜீரோ டிரஸ்ட் முறைக்குக் கொடுத்துவிடலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. பத்தொன்பது வருடமாக கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இதே வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியில் தப்பான முடிவெடுத்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

2021-ல் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருந்து காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. ஃபைல் எதுவும் திறக்கவில்லை, எல்லாப் பெயருக்கும் பின்னால் ஏதோ எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன என்றார்கள். போய்ப் பார்த்தால் ஃபயர்வால் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் எல்லாம் உயிரோடு இருந்தது, டேஷ்போர்டில் எல்லாமே பச்சை. சர்வரின் செக்யூரிட்டி லாகை, அதாவது நடந்தவற்றின் பதிவைத் திறந்தேன். நிகழ்வு எண் 4625, அதாவது தோற்றுப்போன லாகின், இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றாக வரிசையாக நின்றது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டேலி, அக்கவுண்ட்ஸ், யூசர்1, ஸ்கேனர்... பெயர்களை மாற்றி மாற்றிப் பதினொரு நாள் முயன்றிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி இரண்டேகாலுக்கு ஒரே ஒரு 4624. உள்ளே வந்துவிட்டார்கள். அக்கவுண்ட்ஸ் என்ற பெயர், கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு.

இத்தனையும் ஃபயர்வால் வழியாகத்தான் வந்தது. ஆடிட்டர் வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று யாரோ ஒரு மார்ச் மாதம் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு (தூரத்திலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) போர்ட் ஃபார்வர்ட் போட்டு, இணையத்திலிருந்து நேரே உள்ளே வர வழி திறந்திருந்தார்கள். அதன் வழக்கமான போர்ட், அதாவது கதவு எண், 3389 என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று 33890 ஆக மாற்றியும் வைத்திருந்தார்கள். இணையம் முழுவதையும் எல்லா போர்ட்டிலும் துழாவும் கருவிகளுக்கு அது ஒரு தடையே இல்லை. ஃபயர்வாலிடம் "இந்தக் கதவைத் திறந்து வை" என்று சொல்லியிருந்தார்கள், அது திறந்து வைத்திருந்தது. வருபவர் ஆடிட்டரா என்று கேட்கும்படி யாரும் சொல்லவில்லை. பேக்கப் எடுத்த நாஸ் பெட்டியும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அதுவும் போயிற்று.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. ஃபயர்வால் என்பது அடிப்படையில் இடத்தைப் பார்த்து முடிவெடுப்பது. எந்த ஐபியிலிருந்து (நெட்வொர்க் முகவரி) வருகிறது, எந்த ஐபிக்குப் போகிறது, எந்த போர்ட். 1980-களின் கடைசியில் வந்த முதல் தலைமுறை ஒவ்வொரு பாக்கெட்டையும் (டேட்டாவின் சிறு துண்டு) தனித்தனியாகப் பார்த்தது. 1994-ல் செக் பாயிண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஃபயர்வால்-1, ஒரு தொடர்பை யார் தொடங்கினார்கள் என்பதை நினைவில் வைத்து அதற்கான பதிலை மட்டும் உள்ளே விடும் முறையைப் பரவலாக்கியது. பாலோ ஆல்டோ நிறுவனம் 2007-ல் முதல் பெட்டியை விற்கத் தொடங்கிய பிறகு, போர்ட் எண்ணை மட்டும் நம்பாமல் உள்ளே ஓடுவது என்ன அப்ளிகேஷன், எந்த யூசர் என்பதையும் பார்க்கும் நெக்ஸ்ட் ஜெனரேஷன் வகை வந்தது. இன்று உங்களுக்குக் கோட்டேஷன் தரும் எல்லாப் பெட்டிகளும் இந்த வகைதான்.

இங்கே வெண்டர் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. இன்றைக்கு இணையப் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டு 443 என்ற போர்ட்டில்தான் போகிறது. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் ஃபயர்வாலின் வைரஸ் சோதனையும் ஊடுருவல் சோதனையும் ஒழுங்காக வேலை செய்யும். பிரிக்காவிட்டால் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற பெயர் அளவுக்குத்தான் தெரியும். பிரித்துப் பார்க்கச் சொன்னால் பெட்டியின் வேகம் படுத்துவிடும். டேட்டாஷீட்டில் முதல் வரியில் பெரிய எழுத்தில் இருக்கும் ஃபயர்வால் த்ரூபுட்டை, அதாவது ஒரு நொடியில் கடத்தும் டேட்டா அளவைப் பார்க்காதீர்கள். கீழே த்ரெட் புரொடெக்‌ஷன், எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன் (மறையாக்கத்தைப் பிரித்துப் பார்ப்பது) என்று தனித்தனியாக எண் கொடுத்திருப்பார்கள். அந்தச் சிறிய எண்தான் உங்களுக்குக் கிடைக்கப் போவது. உங்கள் பழைய பெட்டியில் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன் இப்போது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப் ஆகியிருந்தால், இத்தனை வருடம் கட்டிய லைசென்ஸ் பணத்தில் பெரும்பங்கு பயன்படாமலே போயிருக்கிறது. அதே நிலையில் பெரிய மாடல் வாங்கினாலும் நிலைமை மாறாது.

அடுத்தது விபிஎன், அதாவது வெளியில் இருப்பவரை மறையாக்கம் செய்த வழியில் ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைப்பது. போர்ட் ஃபார்வர்ட் ஆபத்து என்றால் விபிஎன் போடலாமே என்பீர்கள். போர்ட் ஃபார்வர்டுக்கு அது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் விபிஎன்னில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, அது ஆளை நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்து விடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குத் தேவை ஈஆர்பி ஒன்றுதான், கிடைப்பதோ உள்ளே ஒரு ஐபி முகவரி. அங்கிருந்து டேலி சர்வர், கேமரா, பிரிண்டர், நாஸ் என்று கண்ணில் படுவதையெல்லாம் தட்டிப் பார்க்கலாம். அவருடைய லேப்டாப்பில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் தட்டிப் பார்க்கும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் கிட்டத்தட்ட 8,850 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயை நிறுத்த வேண்டி வந்தது இப்படித்தான். யாரும் பயன்படுத்தாத பழைய விபிஎன் கணக்கு ஒன்று, வெளியே கசிந்த பாஸ்வேர்டு, அதற்கு இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், பிணைப்பணமாகக் கொடுத்தார்கள்.

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் புதியது, எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். விபிஎன் வேலை செய்ய வேண்டுமென்றால் ஃபயர்வால் இணையத்தைப் பார்த்து ஒரு லாகின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதிய நிரலிலேயே ஓட்டை இருந்தால், பாஸ்வேர்டே தேவையில்லை. 2024 ஜனவரியில் இவான்டி விபிஎன் பெட்டிகளில் அப்படி இரண்டு ஓட்டைகள் வெளிவந்தன. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, பிப்ரவரி 2-ஆம் தேதி நள்ளிரவுக்குள் எல்லா மத்திய அரசு அலுவலகங்களும் அந்தப் பெட்டிகளின் ஒயரைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவே போட்டது. அதே வருடம் ஏப்ரலில் பாலோ ஆல்டோவின் விபிஎன் வசதியிலும் ஒன்று. தீவிரத்தில் பத்துக்குப் பத்து. இவையெல்லாம் சின்ன பிராண்டுகள் இல்லை. வாசலைக் காப்பதற்காக வைத்த பெட்டியே வாசலாகிவிட்டது. உங்கள் கம்பெனியில் வார இறுதியில் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் போட உட்காருவது நீங்கள் ஒருவர்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்போது இரண்டாவது வெண்டர் சொல்வதைப் பார்ப்போம். ஜீரோ டிரஸ்ட் என்ற பெயரைப் பரப்பியவர் ஃபாரஸ்டர் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ஜான் கிண்டர்வாக், 2010-ல். உள்ளே இருப்பதால் மட்டும் எதையும் நம்பாதே என்பது அதன் சாரம். அதே 2010 ஜனவரியில், தங்கள் நெட்வொர்க்கில் முந்தைய வருடம் நடந்த ஊடுருவலை கூகுள் வெளியே சொன்னது. அதன் பிறகு அவர்கள் உள்ளுக்குள் கட்டியதுதான் பியாண்ட்கார்ப். ஊழியர் ஆபீஸில் உட்கார்ந்தாலும் காபிக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரே சோதனை, விபிஎன் கிடையாது. 2014-ல் அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் இதற்கு ஒரு வழிகாட்டி ஆவணம் வெளியிட்டது.

கடையில் விற்பனைக்கு வரும்போது இதற்குப் பெயர் ஜீரோ டிரஸ்ட் நெட்வொர்க் ஆக்சஸ், சுருக்கமாக இசட்டிஎன்ஏ. வேலை செய்யும் விதம் எளிமையானது. உங்கள் சர்வர் ரூமில் கனெக்டர் என்று ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷின் (சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கம்ப்யூட்டர்) ஓடும். அது உள்ளிருந்து வெளியே, 443 வழியாக, வழங்குநரின் க்ளவுடுக்குத் தொடர்பு பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே வர எந்த போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. மெர்ச்சண்டைசர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து ஈஆர்பியைக் கேட்டால், முதலில் கூகுள் கணக்கில் இரண்டு கட்டமாக லாகின் ஆக வேண்டும். லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா, ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, டிஸ்க் மறையாக்கம் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரியென்றால் ஈஆர்பி மட்டும் திறக்கும். பக்கத்தில் டேலி சர்வர் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆள் வேலையை விட்டால் கூகுள் கணக்கை முடக்கினால் போதும், எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் மூடும். ஐந்து வருடத்துக்கு முன் போன மெர்ச்சண்டைசரின் விபிஎன் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிற கம்பெனிகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு வசதிக்காகவே இதை நான் மதிக்கிறேன்.

ஆடிட்டருக்கும் ஈஆர்பி போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர்காரருக்கும் இது இன்னும் பொருந்தும். அவர்கள் லேப்டாப்பில் உங்கள் ஏஜென்ட்டை, அதாவது லேப்டாப்பைச் சோதிக்கும் சின்ன மென்பொருளைப் போட மாட்டார்கள். பிரவுசரிலேயே ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து கொடுக்கும் வசதி பெரும்பாலான சேவைகளில் உண்டு. ஃபைல் டவுன்லோடு ஆகாமலும் காப்பி பேஸ்ட் ஆகாமலும் தடுக்கலாம். இப்போது உங்கள் ஈஆர்பி சர்வரில் எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருளைப் போட்டு, எந்த நேரமும் உள்ளே வர ஒரு நிரந்தர பாஸ்வேர்டு கொடுத்திருப்பீர்கள். திருப்பூரில் நான் பார்த்த முக்கால்வாசி இடங்களில் அப்படித்தான். அந்த பாஸ்வேர்டு அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது. 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் முதலில் பிடித்தது கடைகளுக்கு ஏசி, குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் லாகினை. அதனால், புதிய முறையை முதலில் யாருக்குப் போடுவது என்று கேட்டால், உங்கள் சொந்த ஆட்களுக்கு முன்னால் இந்த வெளியாட்களுக்குப் போடுங்கள் என்பேன்.

டேலி பற்றி ஒரு குறிப்பு. பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் டேலியில் டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்து வைத்திருப்பீர்கள். அந்த ஷேரை இசட்டிஎன்ஏ வழியாக வெளியே நீட்டாதீர்கள். வேகமும் தாங்காது, ஒரு லேப்டாப்பில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) வந்தால் அந்த ஷேர் வழியாக மொத்த டேட்டாவும் பூட்டிவிடும். டேலி இருக்கும் மெஷினின் ரிமோட் டெஸ்க்டாப்பை மட்டும் கொடுங்கள்.

அப்படியென்றால் பாக்ஸே வேண்டாம் என்று அவர் சொல்வது சரிதானா? இல்லை. இந்த இடத்தில்தான் நான் அவரோடு பலமாக முரண்படுகிறேன்.

உங்கள் கம்பெனியில் லாகின் ஆகும் மனிதர்கள் 85 பேர். லாகின் ஆகாத பொருட்கள் எத்தனை? மூன்று யூனிட்டிலும் கேமராக்கள், அவற்றின் ரெக்கார்டர், கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின்கள், லேபிள் பிரிண்டர்கள், எடை மெஷின், நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் நிட்டிங் மெஷின்கள், அதைப் பார்க்கும் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். எண்ணினால் இருநூறைத் தாண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றில் ஏஜென்ட் போட முடியாது, இரண்டு கட்ட லாகின் கேட்க முடியாது. பாதிக்கு ஃபர்ம்வேர் அப்டேட்டே வருவதில்லை. இவற்றைக் காக்க ஒரே வழி, தனித்தனி விலானில் (ஒரே சுவிட்சுகளுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) பிரித்து, ஒன்று இன்னொன்றோடு பேசாமல் நடுவில் ஒரு ஃபயர்வால் நிற்பது.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு தில்லி எய்ம்ஸ் சாட்சி. 2022 நவம்பர் 23-ஆம் தேதி ரான்சம்வேர் தாக்கியதில் ஐந்து சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் டேட்டாவும் பூட்டப்பட்டன. நாட்டின் முன்னணி ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் ஓபி சீட்டைக் கையால் எழுதினார்கள். நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் திருடு போனபோதும் இதேதான். ஃபயர்வால் இல்லை, பத்து டாலர் மதிப்புள்ள பழைய சுவிட்சுகளில் பணப் பரிமாற்றக் கணினிகள் இணைந்திருந்தன என்று விசாரித்த போலீஸ் அதிகாரி சொன்னதாகச் செய்திகள் வந்தன. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது நம் கூடங்குளம். 2019-ல் அங்கே ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது உண்மை, இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. ஆனால் அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த கணினி. உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து துண்டித்துத் தனியாக இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்று கழகம் சொன்னது. அந்தப் பிரிவினை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

நான் மேலே சொன்ன நிஸ்ட் ஆவணத்திலேயே, பெரும்பாலான நிறுவனங்கள் பழைய எல்லைக் காவலையும் புதிய முறையையும் சேர்த்துத்தான் நீண்டகாலம் நடத்துவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். புதிய வெண்டர் அந்த ஆவணத்தின் பெயரைச் சொல்லி விற்க வந்தால் இதையும் அவரிடம் கேளுங்கள்.

இன்னொரு நடைமுறை விஷயம். ஹெட் ஆபீஸில் சர்வர் ரூமுக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவர் ஈஆர்பி திறக்க, அந்தத் தொடர்பு சென்னைக்கோ மும்பைக்கோ உள்ள வழங்குநரின் மையத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டுமா? சில சேவைகளில் உள்ளேயே முடித்துக்கொள்ளும் வசதி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இல்லாவிட்டால், ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் பக்கத்து அறை சர்வரும் எட்டாது. ஷிப்மென்ட் பேப்பர் போக வேண்டிய சாயங்காலத்தில் இது நடந்தால் முதலாளி உங்களைத்தான் கேட்பார். க்ளவுட் வழங்குநரே விழுவதும் உண்டு. 2025 நவம்பர் 18-ஆம் தேதி கிளவுட்ஃப்ளேர் சில மணி நேரம் தடுமாறியபோது, அவர்களுடைய ஆக்சஸ் சேவை வழியாக உள்ளே போகும் கம்பெனிகளில் புதிதாக லாகின் ஆக முயன்றவர்கள் வெளியிலேயே நின்றார்கள். ஆகவே ஆபீஸுக்குள் இருப்பவர்களுக்கு உள்வழியே இருக்கட்டும். விலான், நடுவில் ஃபயர்வால் ரூல், அவ்வளவு போதும். யூனிட்டுகளை இணைக்கும் ஐபிசெக் டனலும் (மறையாக்கம் செய்த வழி) ஃபயர்வாலிலேயே தொடரட்டும். சாஸி என்று மொத்தத்தையும் க்ளவுடில் வைக்கும் பேக்கேஜ் ஒன்றையும் உங்களுக்குக் காட்டுவார்கள். நாற்பது ஐம்பது கிளை உள்ளவர்களுக்கு அது நல்லது, மூன்று இடத்துக்குத் தேவையில்லை.

அவசரத்துக்கு ஒரு பின்வாசல் வேண்டும். நான் வயர்கார்டு என்ற எளிய விபிஎன்னை வைப்பேன். 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது, நிரலும் மிகச் சிறியது. சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது, அங்கே ஒரு கதவு இருப்பதே வெளியே தெரியாது. உங்களுக்கு மட்டும் ஒரு சாவி, அதுவும் சாதாரண நாட்களில் ஆஃப். பட்ஜெட்டே இல்லையென்று முதலாளி கைவிரித்தால் இதையே எல்லோருக்கும் கொடுத்து, ஒவ்வொரு ஆளின் ஐபிக்கும் எந்த சர்வர், எந்த போர்ட் என்று ஃபயர்வாலில் ரூல் எழுதலாம். லேப்டாப்பின் நிலையைச் சோதிக்காது, கணக்கு நிர்வாகம் கையால்தான், ஆனாலும் இன்றைக்கு நீங்கள் இருக்கும் இடத்தைவிட வெகுதூரம் மேலே போயிருப்பீர்கள்.

புதிய முறையில் எனக்குள்ள பெரிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சாவியும் ஒரே கணக்கில் தொங்கும். அந்தக் கணக்கு போனால் எல்லாமே போயிற்று. 2022 செப்டம்பரில் ஊபரில் நடந்தது இதுதான். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, "நீங்கள்தானா?" என்று கேட்கும் அறிவிப்பை அவர் போனுக்கு விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர் ஒன்றுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். அதனால் வெறும் "ஆம்" பொத்தான் போதாது. திரையில் தெரியும் எண்ணைப் போனில் தேர்ந்தெடுக்கும் முறை, முடிந்தால் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் சாவி). உங்களுக்கும் அக்கவுண்ட்ஸ் தலைமைக்கும் யூஎஸ்பி செக்யூரிட்டி கீ வாங்குங்கள், ஆளுக்கு இரண்டு, ஒன்று வேலைக்கு, ஒன்று பீரோவில்.

இதைவிட உங்கள் ஊரில் பெரிய தடை பொதுக் கணக்குகள். ஸ்டோர்1, பேக்கிங், டாக்குமென்ட் என்று ஒரு ஐடி, அதை மூன்று ஷிஃப்டிலும் ஐந்து பேர் பயன்படுத்துவார்கள். பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் இருக்கும். ஆள் பார்த்து அனுமதிக்கும் முறையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், அந்த ஐடியில் வருவது யார் என்று அதனால் சொல்ல முடியாது. ஆளுக்கொரு கணக்கு என்று மாற்றுவது பணம் செலவாகும் வேலை இல்லை, ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை. கூகுள் கணக்குக்கு ஆளுக்கு இவ்வளவு என்று முதலாளி இழுப்பார். அதை இந்தத் திட்டத்தின் செலவிலேயே சேர்த்துக் காட்டுங்கள்.

செலவுக் கணக்கு போடும்போது 85 பேருக்கும் இசட்டிஎன்ஏ லைசென்ஸ் என்று போடாதீர்கள். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியவர் யார் யார் என்று பெயர் எழுதிப் பாருங்கள். மெர்ச்சண்டைசர்கள், முதலாளி குடும்பத்தில் இரண்டு பேர், அக்கவுண்ட்ஸில் இரண்டு பேர், ஆடிட்டர், ஈஆர்பிக்காரர், நீங்கள். இருபது இருபத்தைந்தைத் தாண்டாது. அதை ஒரு ஆளின் மாதக் கட்டணத்தால் பெருக்கி 36 மாதத்துக்குப் பாருங்கள். மறுபக்கம், பெரிய மாடலுக்கும் இப்போதைய அளவு மாடலுக்கும் மூன்று வருட லைசென்ஸோடு உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். விபிஎன் சுமை போய்விட்டதால் இப்போதைய அளவே போதும். பல இடங்களில் அந்த வித்தியாசமே இருபது பேர் செலவைப் பெரும்பாலும் தாங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

லாக் விஷயத்தை இரண்டு வெண்டருமே பேச மாட்டார்கள். இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி, லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். சின்ன ஃபயர்வால்களில் டிஸ்க்கே இருக்காது, லாக் சில நாளில் அழிந்துவிடும். இசட்டிஎன்ஏ சேவைகளின் மலிவான திட்டங்களிலும் பழைய லாக் கிடைக்காது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் பெரிய டிஸ்க் போட்டு, லினக்ஸில் லாகுகளைச் சேகரிக்கும் சிஸ்லாக் சர்வர் வைத்து இரண்டையும் அங்கே அனுப்புங்கள். அந்த மில்லில் என்னால் பதினொரு நாள் கதையைப் படிக்க முடிந்தது, சர்வரின் லாக் அதிர்ஷ்டவசமாக அழிபடாமல் இருந்ததால்தான். ஃபயர்வாலில் அந்த நாட்களின் ஒரு வரிகூட மிச்சமில்லை.

இரண்டு மாதத்தில் எதை முதலில் செய்வது? இந்த வாரமே போர்ட் ஃபார்வர்ட் பட்டியலைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப்பும் கேமரா ரெக்கார்டரும் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் யார் சத்தம் போட்டாலும் மூடுங்கள். முதலாளி போனில் கேமரா பார்க்க வேண்டும் என்பார், அதற்கு வயர்கார்டு கொடுங்கள். அடுத்து எல்லாக் கூகுள் கணக்குக்கும் இரண்டு கட்ட லாகின். பிறகு கேமராவையும் அட்டெண்டன்ஸ் மெஷினையும் தனி விலானுக்கு மாற்றுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாஸ் பேக்கப்பின் ஒரு பிரதி எப்போதும் ஒயர் கழற்றிய நிலையில் இருக்கட்டும். இவை முடியும்போது வெளியாட்களுக்கு இசட்டிஎன்ஏ சோதனை தொடங்கலாம், பெரும்பாலும் ஒரு மாத டிரையல் கிடைக்கும். கூகுளே ஒரே ராத்திரியில் மாறவில்லை. புதிய முறைக்கு மாறினால் யாருடைய எந்தப் போக்குவரத்து தடைபடும் என்பதை முதலில் பதிவு மட்டும் செய்து பார்த்து, தடைபடாத ஆட்களாகப் பார்த்து ஒவ்வொரு குழுவாக மாற்றினார்கள். நீங்களும் இரண்டு வாரம் தடுக்காமல் லாக் மட்டும் எடுங்கள்.

கோட்டேஷனுக்கு முன் ஒரு வேலை. ஃபயர்வால் ரூல் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து, பக்கத்தில் ஹிட் கவுண்ட் (ஒவ்வொரு ரூலும் எத்தனை முறை பயன்பட்டது) பத்தியையும் வைத்து, முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படியுங்கள். போன வருடம் ஒரு இடத்தில் 58 ரூல்கள் இருந்தன. 34-க்கு ஹிட் கவுண்ட் பூஜ்யம். 31-ஆம் ரூலின் பெயர் டெம்ப், எங்கிருந்தும் எங்கேயும் எதுவும் போகலாம் என்பது அதன் பொருள், போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே கவனமாக எழுதியிருந்த 27 ரூல்களுக்கும் வேலையே வரவில்லை, எல்லாம் டெம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுக்க மூன்று வாரம் ஆயிற்று, எடுத்த பிறகு அந்தப் பழைய பெட்டியே இன்னும் இரண்டு வருடத்துக்குப் போதும் என்று தெரிந்தது. உங்கள் பட்டியலில் எத்தனை ரூல், எத்தனை பூஜ்யம், டெம்ப் எத்தனை, எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன் ஆன் செய்தால் மதியம் மூன்று மணிக்கு சிபியு எவ்வளவு போகிறது என்ற நான்கையும் எடுத்து எழுதுங்கள். மாடல் அளவை அதை வைத்துச் சொல்கிறேன், அதுவரை இரண்டு வெண்டருக்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.